வாயுவுக்கு ஒதுக்கிய கட்டம்

சிவகாசியில் அச்சாகிற சார்ட்டுகளைக் கத்தரிக்காமல் இந்த நாட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. காய்கறிகள், பழங்கள், வாகனங்கள், நற்பழக்கங்கள் என்று ஒரு தாள் நிறையக் கட்டங்கள். கட்டத்துக்குள் படம், படத்துக்குக் கீழே பெயர். வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்ட அன்று மாலை பிள்ளைகள் வாங்கிப்போய் வெட்டி ஒட்டுவார்கள். வெட்டிய சார்ட் மறுபடி எதற்கும் உதவாது என்பதால் அந்தத் தொழிலுக்கு மந்தம் வந்ததில்லை. வரைந்தவர் யார் என்று யாரும் கேட்டதுமில்லை.

வரைந்தவர்களில் ஒருவர் விருதுநகர் ஹாமித். பத்தொன்பது வயதில் பேட்டையிலுள்ள மிளகாய் வத்தல் கமிஷன் கடைகளில் மூட்டைக்கு மார்க் போடுகிற வேலையில் ஆரம்பித்தார். ஒரு கடைக்கு விசிறி, ஒரு கடைக்குத் தராசு, ஒரு கடைக்குப் பிறையும் நட்சத்திரமும். படிக்கத் தெரியாத லோடுமேனும் தூரத்திலிருந்து பார்த்தே எந்தக் கடைச் சரக்கு என்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பழக்கம் அவருடைய கையிலேயே தங்கிவிட்டது. அவர் ஒரு வாளியை வரைந்தால் அது வாளியைவிட வாளியாக இருக்கும். சிவகாசியில் ஸ்ரீமதி ஆப்செட் நடத்திய மணிகண்டராஜ் ஒருநாள் வத்தல் வாங்க வந்த இடத்தில் மூட்டையைப் பார்த்தார். வத்தலை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்.

வேலை கிடைத்த மறு வருடம் கல்யாணம். பெண்ணின் தகப்பனார், அவள் அத்தா, மல்லியும் வத்தலும் விற்கிற வியாபாரி, மரியாதைப்பட்ட மனிதர், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மாப்பிள்ளை உசுருள்ளதை வரையக் கூடாது. கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளை எதற்கும் தலையாட்டுவான். ஹாமித்தும் ஆட்டினார். மற்றவர்களுக்கும் அவருக்கும் வித்தியாசம், அவர் ஆட்டியதை மறக்கவில்லை என்பதுதான்.

அன்றிலிருந்து ஸ்ரீமதி ஆப்செட்டின் படப்பிரிவில் உலகம் இரண்டாகப் பிரிந்தது. ஜன்னல் ஓரத்து மேஜையில் காசிராஜன்: சாமிகள், பிள்ளைகள், ஆடு மாடு, பறவை, மீன். சுவர் ஓரத்து மேஜையில் ஹாமித்: மற்ற எல்லாமும். பசு காசிராஜனுடையது, பால் ஹாமித்துடையது. மாட்டுவண்டி வந்தால் முதலில் சுவர் ஓரத்தில் வண்டி தயாராகும். பிறகு தாள் ஜன்னல் ஓரம் போய் மாடு பூட்டிக்கொண்டு திரும்பும். முட்டை விஷயத்தில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. அவித்த முட்டை ஹாமித்துக்கு, குஞ்சு பொரிகிற முட்டை காசிராஜனுக்கு என்று முடிந்தது. மரம் செடிகொடியை வரையத் தடையில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிவிட்டதால் தாவரங்கள் அனைத்தும் ஹாமித் பக்கம் வந்தன. அதனால் 'உயிருள்ளவை, உயிரற்றவை' சார்ட்டில் உயிருள்ளவை பக்கத்திலேயே ஒரு தென்னையும் ஒரு ரோஜாச் செடியும் ஹாமித் கையால் ஆனவை.

"பாய், தாவரத்துக்கு உசுரு இருக்குன்னு நம்ம சார்ட்டுலயே போட்டிருக்கு," என்பான் காசிராஜன்.

"அது ஒங்க உசுரு. எங்க ஹஜ்ரத் சொன்னது வேற உசுரு."

"மாம்பழத்துக்குள்ள புழு இருந்தா?"

"புழு வந்ததும் ஒன்னையக் கூப்பிடுறேன். வந்து போட்டுட்டுப் போ."

இப்படி இருபது வருடம் ஓடியது. இருவரும் ஒரே பாத்திரத்துச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டார்கள், ஒரே படத்தைப் பகிர்ந்துகொண்டார்கள், சண்டை வந்ததில்லை. எல்லை தெளிவாக இருந்தால் சண்டை வராது என்பது ஹாமித்தின் எண்ணம். எல்லையைப் பற்றி அவரிடம் யாரும் கேட்காதவரை அந்த எண்ணத்துக்கு ஆபத்து வரவில்லை.

இரண்டாயிரத்து நான்கு கோடையில் ஆபத்து வந்தது. அது வடக்கிலிருந்து வந்த ஓர் ஆர்டர்.

அங்குள்ள ஏஜெண்ட் ஒருவருக்கு அறிவியல் வரிசை வேண்டுமாம். பதினாறு சார்ட், ஒரே மாதிரி நிறம், ஒரே மாதிரி கோடு. சுவரில் வரிசையாக மாட்டினால் ஒரே ஆள் போட்டதுபோல் இருக்க வேண்டும். இரண்டு கை கலந்தால் வேண்டாம் என்று அவர் போனிலேயே சொல்லிவிட்டார். மாதிரிக்கு ஒரு சார்ட் அடித்து வைத்தால் திங்கட்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார்.

மணிகண்டராஜ் இருவரையும் கூப்பிட்டார். "பதினாறுல முக்காவாசி சாமான்தான். பீக்கர், காந்தம், பல்பு, கப்பி. அதனால மொத வாய்ப்பு பாய்க்கு. மாதிரிக்கு ஒண்ணாம் சார்ட்டையே போட்டுருவோம். திடம், திரவம், வாயு. வரிசைக்கு நாலு கட்டம். பாய் அதை முடிச்சுட்டா பதினாறும் பாய்க்கு. முடியலன்னா காசி எடுத்துக்கிடட்டும். அவன் சாமானும் போடுவான், ஆளும் போடுவான்."

அதற்கு மேல் அவர் சொல்லாதது எல்லோருக்கும் புரிந்தது. அறிவியல் சாமான்கள் ஜன்னல் ஓரத்துக்குப் போய்விட்டால் சுவர் ஓரத்து மேஜைக்கு என்ன மிஞ்சும்? பட்டாசுப் பெட்டி லேபிளில் எல்லாம் மயில், கிளி, சிரிக்கிற பிள்ளை. கல்யாணப் பத்திரிகையில் ஓரத்துக்குக் கொடி போடுகிற வேலை மட்டும் இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்குகிற மனிதர், வாளியைவிட வாளி வரைகிறவர், இனி மற்றவர்கள் கல்யாணத்துக்கு ஓரம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

திடம் அரை நாளில் முடிந்தது. செங்கல், பூட்டு, மேஜை, வெல்லக்கட்டி. திரவம் மறு அரை நாளில். பால், நல்லெண்ணெய், தேன், மை. தேன் ஒழுகுவதை ஹாமித் வரைந்திருந்த விதத்தைப் பார்த்து அச்சு இயந்திரத்தில் நிற்கிற சோலைமலை விரலால் தொட்டுப் பார்த்தார். ஈரம் காயவில்லை என்று திட்டு வாங்கினார்.

வாயுவில்தான் வண்டி நின்றது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. கம்பெனிக்குப் பெயர் கொடுத்த, மணிகண்டராஜின் மகள் ஸ்ரீமதி இப்போது மதுரையில் வேதியியல் எம்.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். முந்தின வருடம் மீன்கள் சார்ட்டில் காசிராஜன் அழகான திமிங்கிலம் ஒன்றைப் போட்டுவிட, ஒரு பள்ளிக்கூடம் கட்டுக் கட்டாகத் திருப்பி அனுப்பியிருந்தது. அதிலிருந்து அறிவியல் என்று பெயர் வைத்த எதையும் பாப்பா பார்த்து ஓகே சொன்னால்தான் பிளேட்டுக்குப் போகும். அந்தப் பெண் கோபப்படமாட்டாள், குரல் உயர்த்தமாட்டாள். சொல்வது ஒவ்வொன்றும் சரியாக இருக்கும். அதுதான் தாங்க முடியாதது.

ஹாமித் முதலில் சமையல் கேஸ் சிலிண்டர் வரைந்தார். சிவப்பு, வளையம், துருகூட இருந்தது.

"நல்லா இருக்கு பாய் மாமா. ஆனா இது இரும்பு."

"உள்ள கேஸ் இருக்குல்ல பாப்பா?"

"உள்ள அழுத்தி வச்சிருக்கிறதால அது திரவமா இருக்கும். ஆட்டிப் பாத்தா சலசலன்னு கேக்குமே. வெளிய வர்றப்பதான் வாயு."

ஆக வெளியே திடம், உள்ளே திரவம். வாயு என்று பெயர் வைத்து ஊரெல்லாம் வண்டியில் கொண்டுபோய்ப் போடுகிற பொருளில் அது கண்ணுக்குப் படுகிற இடம் எங்கும் இல்லை.

அடுத்து பலூன். "இது ரப்பர் மாமா. பிள்ளை வெட்டி ஒட்டினா ரப்பரைத்தான் வாயுன்னு நினைச்சுக்கிடும்."

இட்லிச் சட்டியிலிருந்து எழும் ஆவி வரைந்தார். வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு போகிற மாதிரி. ஸ்ரீமதிக்கு அதைப் பார்த்து வருத்தமாகவே இருந்தது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"வெள்ளையாத் தெரியிறது பொடிப்பொடியான தண்ணித் துளி மாமா. நெசமான நீராவி கண்ணுக்குத் தெரியாது. மூடியை ஒட்டி ஒரு விரக்கடைக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குமே, அதுதான் வாயு."

"ஒண்ணுமே இல்லாத இடத்தை நான் எப்படிப் போட?"

"அதான் எனக்கும் தெரியல."

அன்று மாலை ஹாமித் பின்கட்டில் நின்று எம். புதுப்பட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் சீசனுக்கு முந்தின சோதனை நடந்தது. ராக்கெட் ஒன்று ஏறி, பின்னால் சாம்பல் நிறத்தில் கோடு இழுத்து, வெடித்துப் பூவாய் விரிந்தது. அவருக்கு உள்ளுக்குள் ஏதோ விளக்கெரிந்தது. இந்த ஊரில் பிழைக்கிற எவருக்கும் எரிகிற விளக்குதான் அது. சிவகாசிக்காரனுக்குப் புகையைத் தவிர வேறு எது வாயு? மறுநாள் ராக்கெட்டை விட்டுவிட்டுப் புகையை மட்டும் வரைந்தார். உயரே போகப்போகப் பரந்து, கடைசியில் தாளின் வெள்ளையோடு கலந்துபோகிற புகை. அவருடைய வாழ்க்கையிலேயே நல்ல படம் அதுவாக இருக்கலாம்.

ஸ்ரீமதி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு பாப்பா."

"புகைன்னா என்னன்னா மாமா..."

"சொல்லும்மா, பரவால்ல."

"கண்ணுக்குத் தெரியிறதெல்லாம் பொடிப்பொடியான துகள். கரி, சாம்பல். ரொம்பச் சின்ன திடப்பொருள்."

"இதுவும் திடமா?"

"ஆமா மாமா."

இருபது வருடமாகப் பெரும்பாலும் திடப்பொருளையே வரைந்த மனிதர், அதிலிருந்து தப்பித்து ஓடி வானம் வரை போயும் அங்கேயும் திடப்பொருளே காத்திருந்தது. விருதுநகரில் வத்தல் மூட்டை அடுக்கிய கிட்டங்கித் தெருவில் நடந்தால் தும்மல் வருகிறதே, அந்த நெடி என்ன என்று கேட்டார். அதுவும் பெரும்பாலும் தூள்தான் என்றாள். சரி, கொடியில் காற்றுக்கு வேட்டி பறக்கிற மாதிரிப் போடலாமா என்றார். இதற்கு மணிகண்டராஜே குறுக்கே வந்தார். "கீழ வாயுன்னு அடிச்சா, அங்கன உள்ள பிள்ளைக வேட்டிக்குப் பேரே வாயுன்னு நெனச்சுக்கிடும்யா."

சனிக்கிழமை காலையில் ஹாமித் தன் அறிவு முழுவதையும் திரட்டி ஒரு காரியம் செய்தார். கட்டத்துக்குக் கோடு போட்டார், கீழே 'காற்று' என்று எழுதச் சொன்னார், உள்ளே ஒன்றும் வரையவில்லை.

ஸ்ரீமதி கைதட்டினாள். "இது சரி. நூத்துக்கு நூறு சரி."

மணிகண்டராஜ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படம் விழலன்னு லோடோட திருப்பி அனுப்புவான். சரியா இருந்து என்ன செய்ய?" தாளை மேஜையில் வைத்தார். "பாய், நான் ஒம்மளக் குத்தம் சொல்லல. காசி என்ன சொல்லுதான்னா, ஒரு பையன் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கிற மாதிரிப் போட்டா வாயுன்னு எவனுக்கும் வெளங்கிரும்னு சொல்லுதான். திங்கக்கிழமை அவரு வந்துருவாரு. அதுக்குள்ள ஒண்ணு நீரு போடணும். இல்ல, அவன் போடணும்."

காசிராஜன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அதைத் தானாகப் போய்ச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான். ஆனாலும் அன்று மத்தியானம் தன் பாத்திரத்திலிருந்த கருவாட்டில் பெரிய துண்டை ஹாமித் பக்கம் தள்ளினான். ஹாமித் அதை எடுத்துக்கொண்டார். அவர் கோபம் கருவாடுவரை போகிற கோபம் இல்லை.

ஹாமித் தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். சிவகாசி பஸ் நிலையத்தருகே ஸ்டாண்டில் ஒரு சைக்கிளைப் போட்டுவைத்திருந்தார். அன்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வருகிற வழியில் பின்சக்கரம் இறங்கிவிட்டது. உருட்டிக்கொண்டு வந்து ஆண்டிச்சாமியின் பஞ்சர் கடையில் நிறுத்தினார். ஆண்டிச்சாமி ட்யூபை உருவி, காற்றடித்து, கறுத்துப்போன தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஓர் இடத்தில் முத்து முத்தாகக் குமிழி கிளம்பியது.

"இந்தா இருக்கு," என்றார் ஆண்டிச்சாமி, யாரிடமும் இல்லாமல்.

ஹாமித் குனிந்தார். தொட்டிமேல் அவர் தலை நிழல் விழுந்தது.

"அண்ணாச்சி, வெளிச்சத்தை மறைக்கீக."

"கொஞ்சம் அப்படியே வச்சிரும். எடுக்காதீரும்."

"ஓட்டையைப் பாக்கணுமா? ஒண்ணுதான் இருக்கு. நான் ஒண்ணும் ரெண்டுன்னு சொல்லிக் காசு வாங்க மாட்டேன்."

"அது இல்லய்யா. குமிழி வருதுல்ல, அதைப் பாக்கேன்."

ஆண்டிச்சாமி அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, அமுக்கியபடியே உட்கார்ந்திருந்தார். குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. இங்கே இரும்பு இல்லை, ரப்பர் இல்லை, தூள் இல்லை. சுற்றிலும் தண்ணீர், நடுவில் காற்று. இதைவிடத் தெளிவாகக் காற்று எங்கும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஹாமித் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டுக் கம்பெனிக்கு ஓடினார். ஸ்ரீமதி வீட்டுக்குப் போக வண்டியில் ஏறிக்கொண்டிருந்தாள். கேட்டதும் இறங்கிவிட்டாள்.

"சரி மாமா. இது சரி. குமிழிக்குள்ள இருக்கிறது வாயு மட்டும்தான். எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் தப்புச் சொல்ல முடியாது."

பின்னால் வந்த காசிராஜன்தான் சிக்கலைத் தொட்டான். "நல்ல யோசனை பாய். ட்யூபைத் தண்ணிக்குள்ள அமுக்கணும்ல? தன்னால அமுங்காது, மெதக்கும். கை வேணுமே."

காசிராஜன் தன் கையை நீட்டிக் காட்டினான்.

"கையை மட்டும் நான் போட்டுத் தாரேன். ஒரு கைதான?"

ஒரு கைதான். ஆனால் இரண்டு கை கலந்த சார்ட் வேண்டாம் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். ஒண்ணாம் சார்ட்டிலேயே ஜன்னல் ஓரத்தின் உதவி இல்லாமல் ஆகவில்லை என்றால் பதினாறையும் ஜன்னல் ஓரமே போட்டுவிடட்டும் என்று மணிகண்டராஜ் நினைப்பார். நியாயமாகத்தான் நினைப்பார்.

"நான் போட்டுக்கிடுதேன்," என்றார் ஹாமித். சொல்லிவிட்டுத்தான் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் அகன்ற அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர், அதில் காற்றடித்த பழைய ஓட்டை ட்யூப். மனைவி ஆசியா பீவி அரிசியை உலையில் போட்டுவிட்டு வந்து, முந்தானையில் கை துடைத்தபடி நின்றார். புருஷன் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஏதோ கேட்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முகம்.

"ஆசியா, ஒரு கைக்கு உசுரு இருக்கா?"

"எந்தக் கைக்கு?"

"ஏதோ ஒரு கை. கை மட்டும். ஆள் கிடையாது."

ஆசியா பீவி கீழே உட்கார்ந்தார். ஹாமித் எல்லாவற்றையும் சொன்னார். சிலிண்டர், பலூன், புகை, மூக்கைப் பொத்துகிற பையன், ஓரம் போடுகிற வேலை. அவர் கேட்டுக்கொண்டே வந்து, மாமனார் வைத்த நிபந்தனைக்கு வந்தபோது சிரித்துவிட்டார்.

"ஏங்க, அத்தா எதைச் சொன்னாகன்னு நெனச்சுக்கிட்டு இருக்கீக?"

"உசுருள்ளதை வரையக் கூடாதுன்னு."

"அது வாயில சொன்னது. அன்னைக்கு எங்க வீட்டுக்கு ஒங்க கம்பெனிக் காலண்டர் ஒண்ணு வந்துச்சு. அருவிக்கு அடியில ஒருத்தி ஈரச் சேலையோட நிக்கிறா. 'மாப்பிள்ளை நாள் முச்சூடும் இவளைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரோ'ன்னு அத்தாவுக்கு ஒரே கவலை. பொம்பளைன்னு சபையில சொல்ல வெக்கப்பட்டு, உசுருள்ளதுன்னு பொதுவாச் சொல்லிட்டாக."

ஹாமித் ட்யூபைத் தண்ணீரில் ஒரு திருப்புத் திருப்பினார்.

"அப்ப மாடு?"

"மாட்டைப் பத்தி அத்தாவுக்கு என்ன?"

"குருவி? இருபது வருசமா நான் ஒரு குருவி போடலையே இவளே."

"நல்லதுதான். மார்க்கத்துலயும் வேண்டாம்னுதான் இருக்கு. போடாததுல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"நீ ஏன் சொல்லல?"

"நீங்க எப்பக் கேட்டீக?"

ஆசியா பீவிக்கும் ஒரு கணக்கு இருந்தது. புருஷன் வீட்டுக்கு வந்து அண்டா, குத்துவிளக்கு, தக்காளி பற்றிப் பேசுவார். காசிராஜன் பெண்சாதி தன் புருஷன் வரைகிற தேவலோகத்துப் பெண்களைப் பற்றிப் புலம்பக் கேட்டிருந்தார். நடந்துகொண்டிருக்கிற ஒரு நல்ல ஏற்பாட்டை எதற்குக் கலைப்பானேன்?

"கைக்கு மூக்கா முழியா? போடுங்க," என்றார். வளையலை மேலே ஏற்றிக்கொண்டு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்தது. "சீக்கிரம். உலை கொதிக்குது."

ஹாமித் பென்சிலை எடுத்தார். பாத்திரத்தின் விளிம்பு ஒரே இழுப்பில் வந்தது. தண்ணீர் வந்தது. ட்யூபின் வளைவு வந்தது. கைக்கு வந்ததும் பென்சில் நின்றது. விரலின் முட்டி எங்கே மடங்கும், கட்டைவிரல் எந்தப் பக்கம் திரும்பும், நகத்துக்குக் கோடா நிழலா, ஒன்றும் தெரியவில்லை. இருபது வருடத்தில் அவர் கை, கையைத் தவிர எல்லாவற்றையும் கற்றிருந்தது. அழித்தார், போட்டார், மறுபடி அழித்தார். அனுமதி இல்லாதபோது அவரால் வரைய முடியாது என்பது தெரிந்த விஷயம். அனுமதி கிடைத்த பிறகும் முடியாது என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஆசியா பீவி எட்டிப் பார்த்தார். "இது என்ன, பூவம்பழச் சீப்பா?"

"கை."

"நான் பாத்த கையிலயே இதுதாங்க நல்லாப் பழுத்திருக்கு."

"நேரா வச்சுப் பிடி. ஆட்டாத."

"எம்புட்டு நேரம் பிடிக்க? கஞ்சி வடிக்கணும். சோறு கொழஞ்சா அதுக்கும் நாந்தான் பேச்சு வாங்கணும்." அடுப்படியிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தண்ணீர்ப் பானைக்கு அண்டைகொடுத்திருந்த செங்கற்களில் ஒன்றை இழுத்தெடுத்து, ட்யூப்மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பானை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. விழவில்லை.

ஹாமித் காத்திருந்தார். உள்ளே கஞ்சி வடிகிற சத்தம் கேட்டது. தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் வருகிறவரை சும்மா இருப்பானேன் என்று செங்கல்லை வரைந்துவைத்தார். செங்கல் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு: பாதி நனைந்து கறுத்த பக்கம், பாதி காய்ந்து சிவந்த பக்கம், மூலை உடைந்தது. பிறகு குமிழிகள், ஒன்று சிறிது, ஒன்று பெரிது, மேலே வந்து உடைகிற ஒன்று. தாளைத் தூர நீட்டிப் பார்த்தார். படத்தில் ஒன்றும் குறையவில்லை. வாழைப்பழச் சீப்பை ரப்பரால் துடைத்தார். அதை அழிக்கிறபோது அவருக்கு வந்தது நிம்மதியா, வருத்தமா என்று அவரிடமே கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். போய்ச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஸ்ரீமதி படத்தைக் கையில் வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"அப்பா, இங்க பாருங்க. செங்கல் திடம், தண்ணி திரவம், குமிழி வாயு. மூணும் ஒரே கட்டத்துக்குள்ள இருக்கு. இதைச் சின்னதாப் போட வேண்டாம். நடுவுல பெருசாப் போடுங்க."

வாயு வரிசைக்கு நான்கு கட்டம் என்ற திட்டம் அப்படியே ஒழிந்தது. நடுவில் ஒரே பெரிய கட்டம், மூன்று அம்புக்குறி. மணிகண்டராஜுக்கு அதில் தனி சந்தோஷம். நான்கு வாயு தேடுகிற தொல்லை விட்டது. மத்தியானம் வடக்கத்திக்காரர் வந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுக்கொண்டு பார்த்தார். சைக்கிள் ட்யூப் அவர் ஊரிலும் அதே கறுப்பு, அதே தண்ணீர், அதே குமிழி. தலையசைத்து, பதினாறும் இந்தக் கையே போடட்டும் என்று இந்தியில் சொன்னார். ஹாமித்துக்கு இந்தி தெரியாது. மணிகண்டராஜ் தோளில் தட்டியபோது புரிந்துகொண்டார்.

எல்லோரும் போன பிறகு காசிராஜன் சுவர் ஓரத்து மேஜைக்கு வந்தான். படத்தைக் குனிந்து பார்த்தான். அவனுடைய கண் ஆட்களைத் தேடிப் பழகிய கண்.

"எல்லாம் சரி பாய். செங்கல்லு தானா வந்து ஏறி உக்காந்துருச்சா? வச்ச ஆள் எங்க?"

ஹாமித் தூரிகையைத் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கஞ்சி வடிக்கப் போயிருக்கா," என்றார்.